ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை

கால் தரையில் இருக்கிறதா இல்லையா என்பதை எத்திராஜ் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். இருந்தது. இரண்டும் இருந்தன, ஆஸ்பத்திரிச் சாய்வு நாற்காலிக்குக் கீழே, யாரோ கழற்றி வைத்துவிட்டு மறந்துபோன கால்கள் மாதிரி. வலது காலில் செருப்பு இருந்தது, இடது காலிலும் இருந்தது, அதையும் பார்த்தால்தான் நம்ப முடிகிறது, ஏனென்றால் போன மாதம் காய்கறி மார்க்கெட்டில் இடது காலில் செருப்பே இல்லாமல் கீரைக்கடை வரைக்கும் நடந்து போயிருக்கிறார், 'இன்னா தலைவரே, ஒத்தச் செருப்போட ஊர்வலமா?' என்று கீரைக்காரி கேட்டபோது பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார், செருப்புக் கம்பெனித் தொழிலாளர் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருஷம் செயலாளராக இருந்தவன் ஒற்றைச் செருப்போடு வந்து நின்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும், 'அறுந்துபோச்சும்மா' என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பி, சாக்கடைப் பாலத்தின் ஓரத்தில் கிடந்த செருப்பைக் கண்டுபிடித்துக் காலை அதற்குள் நுழைத்தார். நுழைத்தது தெரியவில்லை. செருப்பு அறுந்திருக்கவில்லை, வார் நன்றாகத்தான் இருந்தது. அறுந்துபோனது வேறு எதுவோ, காலுக்கும் அவருக்கும் நடுவில் இருந்த ஏதோ ஒன்று.

இன்றைக்கு ஏழாவது சுற்று. மொத்தம் எட்டு. பெருங்குடலில் இருந்த கட்டியை அறுத்து எடுத்தாகிவிட்டது, ஆனால் ஒன்றிரண்டு கருங்காலிகள் உடம்புக்குள் எங்கேயாவது பதுங்கியிருக்கலாம், அவற்றைத் தேடிக் கொல்லத்தான் இந்த மருந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் கைவழியே ஏறும், அதன்பின் இரண்டு வாரம் வீட்டில் விழுங்க மாத்திரை. முதல் சுற்று முடிந்து வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினார், தண்ணீர் ஊசியாக விழுந்தது, ஒரு நிமிஷம் குழாயில் மின்சாரம் பாய்கிறது என்றே நினைத்துப் பின்னால் தாவினார். குளிர்ந்தது எதையும் தொடக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். பானைத் தண்ணீரை ஒரு வாய் குடித்தபோது தொண்டையை யாரோ பிடித்து நெரித்தார்கள். அது நாலைந்து நாளில் போய்விடும், போய்விட்டது, அடுத்த சுற்றில் வந்தது, போனது. நாலாவது சுற்றுக்குப் பிறகு வந்த இந்த மரமரப்பு மட்டும் போகவில்லை, கட்டைவிரலில் குடிவந்தது, பாதத்துக்குப் பரவியது, பிறகு கணுக்காலைத் தாண்டி மேலே வந்தது, கை விரல்களின் நுனியிலும் இப்போது அதன் ஆட்கள் இருக்கிறார்கள். இந்த மரமரப்பைப் பற்றித்தான் ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் கேட்கிறார்கள். கால்மணி நேரத்துக்கு முன்னால் சிஸ்டர் லில்லி புஷ்பம் ஒரு படிவத்தோடு வந்து இந்த நாற்காலியின் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டாள், நாகர்கோவில் பக்கத்துப் பெண், ஒவ்வொரு வார்த்தையையும் நீட்டித் தாலாட்டுகிற மாதிரி கேட்பாள்.

'கை, காலு மரத்துப் போகா ஐயா?'

'இல்லம்மா.'

'நடக்கும்போ தடுமாற்றம், மெத்தையில நடக்கியது மாதிரி?'

'இல்லியே.'

'சாவி, பேனா எல்லாம் பிடிக்க முடியுதா?'

'பேனாவா? நாளைக்கே ஒரு துண்டறிக்கை எழுதித் தரட்டா?'

சிஸ்டர் சிரித்துக்கொண்டே நாலு கட்டத்தில் நாலு கோடு போட்டுவிட்டுப் போனாள். போகட்டும். எழுதிக்கொண்டு போகட்டும். அந்தப் படிவம் டாக்டரம்மாவிடம் போகும், ரத்தப் பரிசோதனைத் தாளும் போகும், இரண்டும் சரி என்றால் மருந்தைக் கலந்து எடுத்து வருவார்கள், இன்றைக்கு ஏழு முடிந்துவிடும், இன்னும் ஒன்றுதான். மரத்துப் போகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் மருந்தின் அளவைக் குறைப்பார்கள், ரொம்ப மரத்துப் போகிறது என்றால் நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் பதுங்கியிருக்கிறவன் வெளியே வருவான். எட்டு என்று பேசிய பிறகு ஆறில் நிறுத்துவதா? எட்டு அம்சக் கோரிக்கையை ஆறாக வெட்டிக் கையெழுத்துப் போட்டவனை எல்லாம் கேட் மீட்டிங்கில் பெயர் சொல்லிக் கிழித்தவர் அவர். கால்தானே, போகட்டும். உயிரோடு இருப்பவனுக்குத்தான் கால் மரத்துப் போகும். மகள் மேதினி பரிசோதனைத் தாளை வாங்கக் கீழே போயிருக்கிறாள், அவள் திரும்பி வருவதற்குள் சிஸ்டர் வந்துபோனது நல்லதாகப் போயிற்று. மே மாதம் முதல் தேதி பிறந்தாள் என்று ஆசையாக வைத்த பெயர், பள்ளிக்கூடத்தில் அதற்கு அர்த்தம் கேட்கும் வாத்தியார்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போனவள், காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர் படியைத் தவறவிட்டதைப் பார்த்துவிட்டாள். 'நைனா, இன்னிக்கு டாக்டரம்மாகிட்ட சொல்லிடு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்.' 'என் கால், நான் சொல்லிக்கிறேன்.' 'உன் கால்தான். தூக்கிகினு அலையறது நானு.' அவள் அம்மா இருந்திருந்தால் இதையே இன்னும் கூர்மையாகச் சொல்லியிருப்பாள்.

சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், சொல் சொல் என்று. டாக்டரிடம் எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்பதை இந்த ஊருக்கே கற்றுக்கொடுத்தவன் யார்? கம்பெனியில் ஒட்டும் பிரிவு என்று ஒன்று உண்டு, அடிப்பாகத்தையும் மேல்தோலையும் பசை தடவி ஒட்டுகிற இடம், ஜன்னல் இல்லாத நீளமான கொட்டகை, பசைக்கு அங்கே சொலூஷன் என்று பெயர், இனிப்பாக ஒரு வாடை அடிக்கும், முதல் வாரம் தலை சுற்றும், இரண்டாவது வாரம் அது இல்லாவிட்டால்தான் தலை சுற்றும். ஆறு மாதம், ஒரு வருஷம் போனால் கால் விரல் மரத்துப் போகும். காலுறை போட்ட மாதிரி இருக்கு தலைவரே என்பார்கள் பெண்கள், காலுறையே போட்டறியாத பெண்கள். கம்பெனி டாக்டர் என்று ஒருவர் செவ்வாய்க்கிழமை தோறும் வருவார், மேஜையில் உட்கார்ந்து, கை மரத்துப் போகிறதா, கால் மரத்துப் போகிறதா என்று இதே மாதிரி, இதே வரிசையில் கேட்பார், ஆமாம் என்றவளுக்கு மறுமாதம் ஒரு கடிதம் வரும், வேலைக்குத் தகுதியற்றவர் என்று. அன்ஃபிட். கடிதம் வாங்கியவர்கள் ஒரே வருஷத்தில் பதினாலு பேர். அப்போதுதான் அவர் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினார், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், மீதியை எல்லாம் துண்டறிக்கைகளில் படித்தவன், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளுக்கும் புரிய வேண்டும் என்று சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினார்: டாக்டர் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். வலியைச் சங்கத்திடம் சொல்லுங்கள். வேலையைப் பறிக்கிறவனிடம் உங்கள் உடம்பைக் காட்டாதீர்கள். ரோஸ் நிறத் தாளில் ஆயிரம் பிரதி. ஒட்டும் பிரிவு முழுவதும் மனப்பாடம் செய்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை கம்பெனி டாக்டர் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப் போனார், நூற்றுப்பத்துப் பேரும் நன்றாக இருந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் கேட்டில் வெடித்த பட்டாசின் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

நன்றாக இருக்கிறேன் சார். நன்றாகத்தான் சொன்னார்கள். சரி, அதை விடு, அது வேறு, இது வேறு. கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. காற்றாடி வை, ஜன்னல் திற, பசையை மாற்று என்று சங்கம் கேட்டதற்கு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். சிவப்பு மாத்திரை, நரம்புக்கு நல்லதாம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஸ்திரி வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கொன்று உள்ளங்கையில் போட்டுவிட்டு வாயில் போடுகிறார்களா என்று பார்ப்பான். மூத்திரம் மஞ்சளாகப் போனதைத் தவிர ஒரு மாற்றமும் இல்லை. அதற்கும் ஒரு துண்டறிக்கை எழுதினார், அவர் எழுதியதிலேயே நல்லது அதுதான் என்று மாவட்டச் செயலாளரே சொன்னார்: காற்றுக் கேட்டோம், மாத்திரை கொடுத்தார்கள். மூச்சுக் கேட்டோம், வைட்டமின் கொடுத்தார்கள். விஷத்தை நிறுத்தாமல் சத்து கொடுப்பவன் கோழிப்பண்ணைக்காரன். பேச்சுவார்த்தையில் மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரு வாக்கியம் சொன்னார், பசையினால்தான் மரத்துப் போகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை. லேபர் ஆபீசரும் அதையே சொன்னார். நிரூபணம் இல்லை. பத்து வருஷம் அந்த ஒரு வாக்கியத்தின் மேல் கம்பெனி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. அதனால்தான், நாலரை மாதத்துக்கு முன்னால், முதல் சுற்றுக்கு முந்தைய நாள், இந்த டாக்டரம்மா, அவர் மகள் வயதுதான் இருக்கும், அதே வாக்கியத்தைச் சொன்னபோது அவருக்கு உள்ளுக்குள் ரத்தம் ஏறியது. அவர் கேட்டது இவ்வளவுதான்: நரம்பு கெடாமல் இருக்க வைட்டமின் மாத்திரை ஏதாவது எழுதிக் கொடுங்களேன். அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். 'இந்த மருந்தால வர்ற நரம்புப் பாதிப்ப வைட்டமின் தடுக்கும்னு நிரூபணம் இல்லீங்க ஐயா. நிறையப் பேருக்குக் கொடுத்துப் பார்த்திருக்காங்க, பிரயோஜனம் இல்ல. ஒண்ணு ரெண்டு மாத்திரை நிலைமைய இன்னும் மோசமாக்கியிருக்கு. பி6 அதிகமாப் போனா அதுவே நரம்பக் கெடுக்கும். நீங்களா எதுவும் வாங்கிச் சாப்பிடாதீங்க. மரத்துப் போனா எங்ககிட்ட வந்து சொல்லுங்க. அளவைக் குறைக்கிறது ஒண்ணுதான் நிச்சயமான வழி.'

நிரூபணம் இல்லை என்று சொன்ன உடனே அவர் காது மூடிக்கொண்டது, அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் உள்ளே போகவில்லை, போனது ஆனால் உட்காரவில்லை. நிரூபணம் இல்லை என்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், மறைக்கிறார்கள் என்று அர்த்தம். இதை அவர் வாழ்க்கை அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அளவைக் குறைப்பது என்றால் கூலியைக் குறைப்பது மாதிரி காதில் விழுந்தது. அன்று திரும்பும்போதே பஸ் நிலையத்துக்கு எதிரில் ஜபருல்லாவின் மருந்துக்கடையில் இறங்கினார், ஜபருல்லா பழைய அனுதாபி, ஸ்டிரைக்கின்போது தலைவலித் தைலமும் குளுக்கோஸும் சும்மா கொடுத்தவன். 'தோழர், பி வைட்டமின், இத ஒண்ணு போடுங்க. நரம்புக்கு இரும்புக் கம்பி கட்டின மாதிரி.' ஒன்று போட்டார். நாலாவது சுற்றில் மரமரப்பு வந்ததும் இரண்டாக்கினார். பாதத்துக்குப் பரவியதும் நாலு. இப்போது ஒரு நாளைக்கு ஆறு, காலையில் மூன்று, சாயங்காலம் மூன்று, மேதினி பார்க்காத நேரமாகப் பார்த்து, பழைய துண்டறிக்கைகள் வைத்திருக்கிற தகரப்பெட்டியில் ஒளித்துவைத்து, அட்டையிலிருந்து அழுத்தி எடுக்கிறார், எடுப்பதும் சுலபமில்லை, விரல் நுனிக்கு அட்டை எது மாத்திரை எது என்று தெரியாது, பல் வைத்துக் கடித்து எடுக்க வேண்டியிருக்கிறது. பெட்டியைத் திறந்தால் மேலாக அந்தச் சத்து மாத்திரைத் துண்டறிக்கை. கோழிப்பண்ணைக்காரன். அதன் மேலேயே அட்டையை வைத்து மூடுகிறார். கம்பெனி கொடுத்த மாத்திரை விஷத்தை மறைக்கக் கொடுத்தது, இது விஷத்தைத் தாங்கிக்கொள்ளத் தானே வாங்கிப் போட்டுக்கொள்வது, இரண்டும் எப்படி ஒன்றாகும்? ஆகாது. ஆனால் ஆறு மாத்திரைக்குப் பிறகு மரமரப்பு ஏன் வேகமாக ஏறுகிறது என்ற கேள்வி ஒன்று இருக்கிறது, அது காலையில் மூன்றை விழுங்கும்போது தொண்டையில் நிற்கும், சாயங்காலம் மூன்றை விழுங்கும்போது நிற்கும், தண்ணீர் குடித்து அதைக் கீழே தள்ளிவிட வேண்டும். அதிகமாப் போனா அதுவே. தள்ளு. அதுவே நரம்ப. தள்ளு, தள்ளு. பொதுக்கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்கிறவனைத் தொண்டர்கள் தோளில் கைபோட்டு வெளியே அழைத்துப்போகிற மாதிரி அந்தக் கேள்வியை அவர் தினமும் இரண்டு வேளை வெளியே அழைத்துப்போகிறார்.

ஏசி அவர் தலைக்கு மேல்தான் இருந்தது. நாற்காலிக் கைப்பிடியின் இரும்பில் முழங்கை பட்டதும் சுரீர் என்றது, துண்டை மடித்து அதன் மேல் போட்டுக்கொண்டார். அறையில் பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு கம்பம், கம்பத்தில் தொங்குகிற பைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது, யாரும் பேசுவதில்லை, பேசினாலும் மெதுவாக, மேஸ்திரி காதில் விழுந்துவிடும் என்பது மாதிரி. ஒட்டும் பிரிவிலும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள், வரிசையாக. நாலாவது மேஜை நவநீதம். வேண்டாம். அவளை ஏன் இப்போது. கழுத்து கொஞ்சம் நீளம், தலையைச் சாய்த்துக்கொண்டு பசை தடவுவாள், வேலை செய்துகொண்டே மேனேஜர் மாதிரி பேசிக்காட்டுவாள், கொட்டகையே சிரிக்கும். அவள்தான் அவரிடம் வந்தாள், ஒப்பந்தப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த வாரம். 'தலைவரே, கால் மட்டும் இல்ல. கையும் போயிடுச்சு. சூடு தெரியல, கூர் தெரியல. டாக்டராண்ட சொல்லிடட்டா? வேற பிரிவுக்கு மாத்துவாங்கல்ல?' அவர் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய கேள்வி என்றே தோன்றவில்லை. 'இன்னும் ரெண்டு வாரம். கையெழுத்து ஆவட்டும். இப்ப நீ ஒருத்தி வாயத் தொறந்தா நூறு பேரையும் அன்ஃபிட்னு எழுதுவான். நல்லா இருக்கேன்னு சொல்லு.' 'நீங்க சொன்னா சரி தலைவரே.' செவ்வாய்க்கிழமை அவள் சொன்னாள், கம்பெனி டாக்டர் எழுதிக்கொண்டார், அவளும் கையெழுத்துப் போட்டாள், பேனாவை எப்படிப் பிடித்தாளோ. ஒன்பது நாள் கழித்து, அடிப்பாகத்தைச் சூடாக்குகிற தட்டின் மேல் இடது கை இருந்தது, அவள் பக்கத்து மேஜைக்காரியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள், தோல் கருகுற வாடை வருதே, யாருதுன்னு பாருடி என்று அவளேதான் சொன்னாள்.

அவளேதான் சொன்னாள். அதற்குப் பிறகு நாலு விரலும் உள்ளே மடங்கி ஒட்டிக்கொண்டன. கோர்ட்டில் கம்பெனி வக்கீல் ஒரு தாளை எடுத்து நீட்டினார், சம்பவத்துக்கு ஒன்பது நாள் முன்பு தொழிலாளி தனக்கு எந்தக் குறையும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்திட்டிருக்கிறார், ஆகவே மரமரப்பு என்பது பிறகு ஜோடித்த கதை. வழக்கு அங்கேயே படுத்துவிட்டது. அவர் பார்க்கப் போனபோது நவநீதம் திட்டவில்லை, திட்டியிருந்தால் பதில் இருந்தது, போராட்டத்தில் இழப்புகள் உண்டு என்று ஆரம்பிக்கிற பதில், அவள் ஒரு கையாலேயே தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, 'நீங்க சொன்ன மாதிரியேதான் சொன்னேன் தலைவரே' என்றாள், மார்க் சரியாகப் போடவில்லை என்று வாத்தியாரிடம் கேட்கிற பிள்ளை மாதிரி. அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். சங்கத்தின் நினைவு மலரில் அவள் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டார்கள், களத்தில் காயமுற்றவர் என்று. அவள் அந்த மலரை வாங்கிக்கொள்ளவில்லை.

'பெரியப்பா, தூங்கிட்டீங்களா?'

பக்கத்து நாற்காலி. தவமணி. திருப்பத்தூர்ப் பக்கம், ரவிக்கை தைக்கிறவள், நாற்பது வயது இருக்கும், மார்பில் கட்டி எடுத்து வாரா வாரம் மருந்து ஏற்றிக்கொள்ள வருகிறவள். போன சுற்றுக்கு வந்தபோதும் இதே நாற்காலியில் இருந்தாள், அவருக்குக் கொஞ்சம் பேச ஆள் கிடைத்தது. தலையில் முடி இல்லை, மஞ்சள் துணி கட்டியிருந்தாள், அதிலும் ஓரத்தில் அழகாக ஒரு பைப்பிங் வைத்துத் தைத்திருந்தாள்.

'தூங்கல. சொல்லும்மா.'

'சிஸ்டர் இன்னா கேட்டாங்க?'

'எப்பவும் கேக்கறதுதான்.'

'என்னையும் கேட்டாங்க.' அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர் பக்கம் சாய்ந்தாள். 'நீங்க சொன்ன மாதிரியே சொல்லிட்டேன். ஒண்ணும் இல்ல, நல்லா கீறேன்னு.'

எத்திராஜ் அவளைப் பார்த்தார். 'நான் இன்னா சொன்னேன்?'

'அய்ய, மறந்துட்டீங்களா? போன வாட்டி நீங்கதான சொன்னீங்க. மரத்துப் போவுதுன்னு வாயத் தொறந்தா மருந்த நிறுத்திடுவாங்க, பாதியில உட்டா திரும்ப வந்துடும், அதனால கம்முனு இருன்னு. அந்த மாத்திரை பேரக்கூட எழுதிக் குடுத்தீங்களே. அந்த நாள்லேர்ந்து நானும் ஆறு போடறேன் பெரியப்பா. உங்க ஊர் கடையிலதான் ஆள் அனுப்பி வாங்கறேன்.' அவள் பெருமையாகத்தான் சொன்னாள், கட்டளையைச் சரியாக நிறைவேற்றிய தொண்டர் மாதிரி. பிறகு வலது கையை மடியிலிருந்து எடுத்துக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றோடொன்று தேய்த்தாள். 'ஆனா ஊசி நிக்க மாட்டேங்குது. மூணு வாரத்துக்கு முன்னாடி நூல் கோத்தேன். இப்ப என் பொண்ணு கோத்துக் குடுக்கறா. நேத்து ஊசி விரல்ல ஏறி நிக்குது, நான் அது பாட்டுக்குத் துணியத் தள்ளிகினு கீறேன். ரவிக்க பூரா ரத்தம். அது மாத்திர வேலை செய்யறதுக்கு முன்னாடி கொஞ்சம் அப்படித்தான் இருக்குமா? உங்களுக்கு எப்படி, கொறஞ்சுடுச்சா?'

கொறஞ்சுடுச்சா. அவர் வாயைத் திறந்தார். நாற்பது வருஷமாகத் திறந்த உடனே வார்த்தை வந்து நிற்கிற வாய் அது, மழை பெய்கிற பொதுக்கூட்டத்தில்கூட ஒரு நொடி தயங்கியதில்லை. பதில் தயாராகவே இருந்தது, இன்னும் இரண்டு வாரம் பொறு என்பது. அது நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவளுடைய ஆள்காட்டி விரலில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி இருந்தது. சொல்லலாம், இவளுக்கு மட்டும் சொல்லச் சொல்லலாம், நீ சொல்லிடும்மா, உனக்கு வயசு கம்மி, தையல்காரி, கைதான் உனக்குச் சோறு, எனக்கு அப்படி இல்லை. அப்படிச் சொல்லலாம். அவள் நம்புவாளா? நீங்க சொன்னீங்களா பெரியப்பா என்று கேட்பாள். நவநீதம் கேட்கவில்லை, கேட்கத் தெரியவில்லை அவளுக்கு, தலைவர் கை நன்றாக இருந்தது, கேட்பதற்கு ஒன்றும் இல்லை. இவள் கேட்பாள். சொன்னால் என்ன ஆகும்? ஏழு இல்லை. எட்டு இல்லை. பதுங்கியிருக்கிறவன் எங்கேயோ ஈரலின் பின்னால் உட்கார்ந்து சிரிப்பான். பயமாக இருந்தது. போலீஸ் லாரியில் ஏற்றியபோது இல்லாத பயம், அடியாட்கள் சங்க அலுவலகத்தைச் சூழ்ந்தபோது இல்லாத பயம், வெறும் பயம், கொள்கை எதுவும் இல்லாதது, செத்துப்போய்விடுவேனோ என்பது மட்டும்தான் அதில் இருந்தது. அது மட்டும்தான் இத்தனை மாதமும் இருந்தது. கம்பெனி டாக்டர், அன்ஃபிட், நிரூபணம் இல்லை, எல்லாம் அதன்மேல் போர்த்திய கொடி.

'சிஸ்டர்' என்று கூப்பிட்டார். குரல் அறை முழுவதும் கேட்டது. மெதுவாகக் கூப்பிட அவருக்குத் தெரியாது. 'சிஸ்டர், அந்தப் படிவத்த எடுத்துகினு வாங்க. நான் சொன்னதெல்லாம் பொய்.'

பன்னிரண்டு நாற்காலியும் திரும்பிப் பார்த்தன. சிஸ்டர் ஓடிவந்தாள். 'என்ன ஐயா, என்ன ஆச்சு?' 'கால் மரத்துப் போச்சு. நாலாவது சுத்துலேர்ந்து. கையும்தான். டாக்டரம்மாவக் கூப்பிடுங்க.' பக்கத்து நாற்காலியில் தவமணி மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது.

டாக்டரம்மா வந்தாள், படிவத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கோபப்பட்டால் நன்றாக இருந்திருக்கும். கோபப்படவில்லை, களைப்பாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாத்திரையைப் பற்றியும், அதைத் தவமணிக்கு எழுதிக் கொடுத்ததைப் பற்றியும் அவரே சொன்னார். எத்தனை என்று கேட்டாள். ஆறு என்றார். அவள் கண்ணை ஒருதடவை மூடித் திறந்தாள்.

'அப்ப இது ஊசி மருந்தால எவ்வளவு, மாத்திரையால எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது ஐயா. மாத்திரைய இன்னிக்கே விட்டுடணும். இந்த ஊசி மருந்து இனிமே உங்களுக்கு இல்ல.'

'எட்டுன்னு சொன்னீங்களே.'

'ஆறு போயிருக்கு. அது கொஞ்சம் இல்ல. வீட்டுல போடற மாத்திரை மருந்து மட்டும் தொடரும்.'

'திரும்ப வந்துட்டா?'

'எட்டு போட்டாலும் சிலருக்கு வருது. ஆறோட நிறுத்தியும் பல பேருக்கு வரல. வராதுன்னு என்னால கையெழுத்துப் போட்டுக் குடுக்க முடியாது.' அவள் கோட்டுப் பையிலிருந்து இரண்டு கிளை வைத்த ஒரு இரும்புக் கம்பியை எடுத்தாள். 'கண்ண மூடிக்குங்க. இதத் தட்டி வைப்பேன். நடுங்கறது தெரிஞ்சா சொல்லுங்க.'

முதலில் நெற்றியில் வைத்தாள். வண்டு ஒன்று மண்டைக்குள் புகுந்தது மாதிரி இருந்தது. இதுதான் நடுக்கம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். செருப்பைக் கழற்றினாள் போலிருக்கிறது. எத்திராஜ் இருட்டில் காத்திருந்தார். சிஸ்டர் மூச்சுவிடுவது கேட்டது, யாருடைய கம்பமோ உருளுவது கேட்டது. இவ்வளவு நேரம் ஆயிற்று என்றால் வைத்திருப்பாள். வைத்துவிட்டாள். ஆமாம், ஏதோ இருக்கிறது, லேசாக.

'தெரியுது' என்றார்.

'நான் இன்னும் வைக்கவே இல்லீங்க ஐயா.'

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். முகம் சூடாயிற்று, காது மடல் வரைக்கும். கண்ணைத் திறக்கவில்லை. கம்பியைத் தட்டுகிற சின்னச் சத்தம் கேட்டது. இந்த முறை எதையும் தேடாமல், எதையும் ஊகிக்காமல் உட்கார்ந்திருந்தார், அப்படி உட்காருவது எவ்வளவு கஷ்டம்.

'கட்டைவிரல். இப்ப?'

'தெரியல.'

'கணுக்கால்?'

'தெரியல.'

'இங்க? முழங்காலுக்குக் கீழ.'

'தெரியல.'

'இங்க?'

முட்டி எலும்பில் அந்த வண்டு வந்து உட்கார்ந்தது. 'இங்க இருக்கு' என்றார். அவள் எழுதிக்கொண்டாள். அவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அவருக்கே தெரியாது. கண்ணைத் திறந்தபோது டாக்டரம்மா ஸ்டூலை நகர்த்தித் தவமணியின் பக்கம் திருப்பியிருந்தாள், நீங்களும் அந்த மாத்திரை போடறீங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள், தவமணி இல்லையென்றும் ஆமென்றும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டிக்கொண்டு கால்களைப் புடவைக்குள் இழுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

'காட்டும்மா' என்றார் எத்திராஜ். அடுத்த வாக்கியம் அவர் வாயில் இதுவரைக்கும் உட்கார்ந்ததில்லை, அதற்கு இடம் கொடுக்க நேரம் பிடித்தது. 'நான் சொன்னது தப்பு.'

தவமணி அவரைப் பார்க்காமல் வலது காலை மெல்ல நீட்டினாள். டாக்டரம்மா கம்பியைத் தட்டிக் கட்டைவிரலில் வைத்தாள்.

'தெரியுது' என்றாள் தவமணி, உடனே.

ரொம்ப உடனே. நூற்றுப்பத்துப் பேர் வாயில் அவர் ஊற்றிவிட்ட வேகம் அது. அவள் கண் டாக்டரம்மாவின் கையிலேயே இருந்தது, கம்பி தொட்ட நொடியைப் பார்த்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறாள். டாக்டரம்மா படிவத்தில் எழுதப் பேனாவை எடுத்தாள்.

'எழுதாதீங்க' என்றார் எத்திராஜ். 'இன்னொரு வாட்டி வைங்க டாக்டரம்மா. கண்ண மூடச் சொல்லிட்டு வைங்க.'

தவமணி அவர் பக்கம் திரும்பினாள். காட்டிக்கொடுத்தவனைப் பார்க்கிற பார்வை அது, அதை அவர் நன்றாக அறிவார், எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறார். பிறகு கண்ணை மூடினாள்.